டப்பாவில் போகாத கிழங்கு

எங்கள் மதினி வறுத்த உருளைக்கிழங்கை அவள் கையால் டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு போன ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். கேட்காதவர்கள் இல்லை. என் ஆபீஸில் கேட்டார்கள். அண்ணனின் கூட்டாளிகள் கேட்டார்கள். மதினியைப் பெற்ற அம்மாவே சிம்மக்கல்லிலிருந்து வந்துவிட்டு, திரும்பக் கிளம்பும்போது பையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"இது டப்பாவுல போற பண்டம் இல்ல. வேணும்னா வீட்டுக்கு வாங்க. வந்து உக்காந்து சாப்பிடுங்க."

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "என்னையப் பத்தி என்னத்த எழுதிக் கிழிச்ச?" என்று திருச்சியிலிருந்து போன் வரும். அண்ணனுக்கு மாற்றலாகி அவர்கள் அங்கே போய்ச் சில வருஷம் ஆகிறது, அம்மாவும் அவர்களோடுதான். நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வருவதற்கு முன்னால், அந்த மதுரை வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். நாத்தனாரும் மதினியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம், சண்டை போட்டோம். பாத்ரூமுக்கு யார் முதலில் போவது என்று போட்டோம், ஸ்கூட்டியை யார் எடுத்துக்கொண்டு போவது என்று போட்டோம். ஆனால் கிழங்கு விஷயத்தில் மட்டும் நான் எப்போதும் அவள் கட்சி.

அவளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற லேப் டெக்னீஷியன். வாரம் முழுக்கக் காலையில் அரக்கப்பரக்க ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு அடுப்பு. மற்ற நாளெல்லாம் அம்மா சமையல். ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் மதினி நுழைந்துவிட்டால் நாங்கள் வாசற்படியோடு சரி. எட்டிப் பார்க்கலாம், கை வைக்கக்கூடாது.

அவளுடைய அப்பா சிம்மக்கல் பக்கம் வெங்காயம், உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கினவர். அதனால்தானோ என்னவோ, கிழங்கைப் பார்த்தவுடன் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். அண்ணன் விடிகாலையில் பரவை மார்க்கெட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவான். பையைக் கொட்டிப் பார்த்ததும், "ஏங்க, பளபளன்னு இருக்குன்னு எடுத்துட்டீங்களா? இது குளிர்ல கிடந்த கிழங்கு. இனிக்கும். சட்டியில போட்டா சிவக்காது, நேராக் கருகும்" என்பாள். அண்ணன் அசடு வழிய நிற்பான். அதற்குப் பிறகு செம்மண் ஒட்டின ஊட்டிக் கிழங்கைத் தவிர வேறெதையும் அவன் தொடவில்லை.

செய்முறையில் ரகசியம் எதுவும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள். தோலைச் சீவி, கொஞ்சம் பெரிய துண்டாகவே நறுக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு. தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் போட்டு இரண்டு குலுக்கு. ஓரமெல்லாம் லேசாகச் சிராய்த்து மாவு மாதிரி ஆக வேண்டும், அந்தச் சிராய்ப்புதான் பிறகு முறுகும். தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஈரம் போகிற வரை வைக்க வேண்டும். பிறகு இரும்பு தோசைக்கல்லில் கடலெண்ணெய் காய்ந்ததும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்க வேண்டும். அடுக்கின பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் உலகம் முழுக்கத் தோற்றுப்போகிறது. ஒன்றும் செய்யக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் கரண்டியை எடுத்தால் புறங்கையில் ஒரு தட்டு விழும்.

"ஏ புள்ள, அது பாட்டுக்கு இருக்கட்டும். கிண்டிக் கிண்டி விட்டா அது எப்பத்தான் சிவக்கும்?"

"அடி பிடிச்சிரும் மதினி."

"பிடிக்கட்டும். தயாராயிருச்சுன்னா அதுவே கல்ல விட்டுரும். நாம பிடுங்க வேண்டாம்."

ஒரு பக்கம் பொன்னிறமாக ஆன பிறகு ஒவ்வொரு துண்டாகத் திருப்புவாள். எல்லாப் பக்கமும் சிவந்த பிறகுதான் மிளகாய்த்தூள், சோம்புத்தூள், ஒரு சிட்டிகை அரிசி மாவு. தோலோடு தட்டின பூண்டும் கறிவேப்பிலையும் கடைசியில். வெங்காயம் கிடையாது, தண்ணீர் விடும். முக்கியமான விஷயம், மூடி கிடையாது. அந்த வீட்டில் அந்தக் கல்லுக்குப் பொருந்துகிற மூடியையே அவள் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். மூடினால் ஆவி திரும்பவும் கிழங்கு மேலேயே சொட்டும், அவ்வளவு நேரம் நின்றது வீணாகும் என்பாள்.

அண்ணன் ஒரு தீபாவளிக்கு ஏர் ஃப்ரையர் வாங்கிக்கொண்டு வந்தான், மனைவி இனிமேல் நின்று கஷ்டப்பட வேண்டாமாம். மதினி மறுக்கவில்லை. நியாயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்குக் கொடுத்தாள். எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "குத்தம் சொல்ல மாட்டேன். அது வேலைய அது பாக்குது. ஆனா இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலையே" என்றாள். அதோடு அந்த மிஷின் அப்பளம் சுடுகிற வேலைக்கு இறக்கப்பட்டது. அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் சமாதானத்துக்குக் கிழங்கு வறுத்துக் கொடுத்தாள், அதுவும் கல்லில்தான்.

டப்பாவில் கொடுப்பதில்லை என்ற சட்டம் மட்டும் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது இல்லை. அது எங்கள் வீட்டில் வந்தது. எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவளைச் சொன்னதாகும்.

பரவையைத் தாண்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் நாங்கள் வீடு கட்டினோம். எங்கள் வம்சத்தில் மாடிப்படி வைத்த முதல் வீடு அது. என் அம்மா சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவள். வேலை செய்த வீடுகளின் கொல்லைப்புறம் வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பால் காய்ச்சின அன்று புதுவீட்டு வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டு அவளுக்குக் கை வலித்திருக்கும்.

தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், குறை சொல்ல முடியாது. எதிர்வீட்டு அங்கிள், ஆன்ட்டி முதல் ஆளாக வந்தார்கள். ஆன்ட்டிக்கு நல்ல சிரித்த முகம். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று அடுத்துக் கேட்டார். அம்மா அதையும் சொன்னாள். ஆன்ட்டி சிரித்த முகம் மாறாமல், இந்த வருஷம் மழையே இல்லை என்று பேச்சை வானத்துக்குக் கொண்டு போய்விட்டார். பிறகு மாடி ஏறி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலில் வந்த கூல்டிரிங்ஸைக் குடித்தார். பந்திக்குக் கூப்பிட்டபோது விரதம் என்றார். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் நான்கைந்து வீட்டுக்காரர்களுக்கும் அன்றைக்கு விரதம் வந்துவிட்டது. பந்தியில் எங்கள் சொந்தக்காரர்களும் அண்ணனின் ஆபீஸ்காரர்களும்தான் உட்கார்ந்தார்கள்.

"வந்தாகள்ல, அதுவே பெருசுதான்" என்றாள் அம்மா, சாயங்காலம் பாத்திரங்களை ஒதுங்க வைத்துக்கொண்டே.

மதினி மீந்துபோன சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிழங்கு வறுத்தபோது, தெருவில் உறவு வேண்டும் என்று அம்மா தானாகவே ஒரு எவர்சில்வர் டப்பாவில் சூடாகப் போட்டு, அழுத்தி மூடி, எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கன்னத்தைத் தொட்டாராம். மறுநாள் டப்பா பளபளவென்று விளக்கி, வெறும் டப்பாவாகத் தரக்கூடாது என்று உள்ளே சர்க்கரை போட்டுத் திரும்பி வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர், போகிறவரிடம் எல்லாம் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, எதிர்வீட்டில் வேலை பார்க்கிற அக்கா எங்கள் கேட்டருகே நின்று மதினியைக் கூப்பிட்டார். வெள்ளந்தியான மனுஷி.

"ஏம்மா, அந்தக் கிழங்கு நீங்க பண்ணதாமே? எம் புள்ளைக அடிச்சுக்கிட்டுத் தின்னுச்சுக. கொஞ்சம் நமத்துப் போயிருந்துச்சு, ஆனாலும் ருசின்னா அம்புட்டு ருசி. அந்தம்மா தொறந்துகூடப் பாக்கல, அப்படியே குடுத்து விட்டுட்டாக."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மதினிக்கு என்ன வருகிறது, அழுகையா கோபமா என்று பார்த்தேன். அவள் அந்த அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நமத்துப்போனதையாக்கா புள்ளைக தின்னுச்சுக?"

"பரவால்லம்மா..."

"என்ன பரவால்ல? ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு மேல புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. சுடச்சுடத் திங்கணும் அதெல்லாம்."

அந்த அக்கா வந்தார், பிள்ளைகளோடு. பழக்கத்தில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனவரை மதினி கரண்டியும் கையுமாக ஓடிப்போய்த் தடுத்து, முன்வாசல் வழியாகக் கூட்டிவந்து மேஜையில் உட்கார வைத்தாள். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. பிள்ளைகள் கடித்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னாள். "அத்த, இனிமே டப்பா கிடையாது. எவங்க வீட்டுக்கும் கிடையாது, எங்க அம்மா வீட்டுக்கும் கிடையாது. மூடுனா பத்து நிமிஷத்துல நமத்துப்போற பண்டத்த மூடி அனுப்புனது நம்ம தப்பு. திங்கணும்னு நினைக்கிறவங்க வந்து திங்கட்டும்."

"ரோசம் பாத்தா தெருவுல இருக்க முடியுமாத்தா?"

"ரோசமெல்லாம் இல்ல அத்த. இதே ஜனம் காலையில சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு என்கிட்ட ரத்தம் குடுக்க வருது. ஊசி எடுத்தா கைய நீட்டுறாங்க, தட்டு எடுத்தா கைய மடக்குறாங்க. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நான் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். ஆபீஸுக்குக் கட்டிக் கொடு என்று நான் எத்தனையோ தடவை கொஞ்சியிருக்கிறேன். "உன் ஆபீஸையே கூட்டிட்டு வா" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு கும்பலே உள்ளே போனது. அதில் ஒருத்தி சாப்பிடாமல் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். "போட்டோவுல சத்தம் வருமாம்மா? முதல்ல வாயில போடு" என்றாள் மதினி. அந்தப் பெண் இன்றைக்கும் என்னிடம் போனில் பேசினால் முதலில் மதினியைத்தான் விசாரிப்பாள்.

ஆனால் மதினியின் உண்மையான போராட்டம் தெருவோடு இல்லை. அம்மாவோடுதான்.

அம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டோ தரையில் குத்துக்காலிட்டோ, மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்குள் கிழங்கு ஆறி, தொளதொளவென்று ஆகியிருக்கும். மதினிக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"நமத்துப்போனதத் திங்கிறதுக்கா நான் இம்புட்டு நேரம் அனல்ல நிக்கிறேன்? முதத் தட்டு உங்களுக்குத்தான். உக்காருங்க அத்த."

"எனக்கென்னத்தா அவசரம்?"

"உங்களுக்கு இல்ல. கிழங்குக்கு அவசரம்."

இப்படி வாராவாரம் வாதாடி, அம்மாவை மேஜையில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்காருவாள், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவர் மாதிரி. ஆனாலும் உட்கார்ந்தாள். சூடாகக் கடித்தாள். முதல் தடவை அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரே ஒரு சிக்கல். தெருவிலிருந்து யாராவது படியேறி வந்தால் போதும், தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சொன்னால் கேட்கமாட்டாள்.

எதிர்வீட்டு அங்கிள் வர ஆரம்பித்தபோது இந்தச் சிக்கல் பெரிதானது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர். மதினிதான் அவருக்கு ரத்தம் எடுத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி பூண்டு தட்டுகிற நேரம் பார்த்து அவர் பேப்பரும் கையுமாக அவர் வீட்டு கேட்டுக்கு வந்து நிற்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். பேப்பர் பக்கம் மட்டும் திரும்பாது. ஒரு நாள், ஆன்ட்டி கோயிலுக்குப் போயிருந்தபோது, மனுஷன் தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

"ஏம்மா, வாசனையிலயே ஆளக் கொல்றியே. கொஞ்சம் ருசி பாக்கலாமா?"

"தாராளமா உக்காருங்க அங்கிள். ஆனா உங்க சுகர் எம்புட்டுன்னு எனக்குத் தெரியும். ஆறு துண்டுதான், அதுக்கு மேல கேக்கக்கூடாது."

அவர் ஆறு துண்டையும் ஆறு விருந்தாகச் சாப்பிட்டார். எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உள்ளே கால் வைத்தபோதே அம்மா எழுந்து போயிருந்தாள். அவர் போன பிறகு அடுப்படியில் பார்த்தால், ஆறிப்போன கிழங்கை நின்றுகொண்டு தின்றுகொண்டிருக்கிறாள். மதினிக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அவரு உக்காந்தா நீங்க ஏன் எந்திரிக்கணும்? இது யாரு வீடு அத்த?"

"பழகிப்போச்சுத்தா. கால் தன்னால எந்திரிச்சிருது. நான் என்ன செய்ய?"

மதினி கல்லைக் கழுவப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். எதிர்வீட்டு டப்பாவுக்கு அழாதவள், அம்மாவின் காலுக்கு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவின் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டாள். வாசலைப் பார்த்த மாதிரி, மேஜையின் தலைமாட்டில். வருகிறவர்கள் முதலில் அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். அங்கிள் அடுத்த வாரம் வந்தபோது அம்மா பாதி எழுந்து, மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் கால்வாசிதான் எழுந்தாள். எங்களுக்கு இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆன்ட்டி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஏனென்றால் அம்மா அந்த மாதிரி வீட்டு ஆண்களுக்குப் பயந்ததைவிட அந்த மாதிரி வீட்டு அம்மாக்களுக்குத்தான் அதிகம் பயந்து வளர்ந்தவள்.

ஆன்ட்டி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் என்று பாதியிலேயே திரும்பிவிட்டாராம். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி அங்கிளிடம். எங்கள் கதவோ திறந்திருக்கிறது, அங்கிளின் செருப்பு வாசலில் கிடக்கிறது. நேராக உள்ளே வந்துவிட்டார்.

மேஜையில் அங்கிள், அண்ணன், நான். தலைமாட்டில் அம்மா, முன்னால் அப்போதுதான் கல்லிலிருந்து விழுந்த கிழங்கு. மதினி அடுத்த சுற்றுக்குக் கல்லில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் இரண்டு கையும் மேஜை மேல் ஊன்றியது. எழுந்திருக்கப் போகிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல், மதினி சொன்னாள். "அத்த, நீங்க எந்திரிச்சா அடுப்ப அணைச்சிருவேன். இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் பத்த வைக்க மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவின் கை ஊன்றினபடியே நின்றது.

அங்கிள் பதற்றத்தில் இடது கையால் சாவியை எடுத்து நீட்டினார். வலது கை தட்டை விடவில்லை. ஆன்ட்டி சாவியை வாங்கிக்கொண்டார். அந்தச் சிரித்த முகம் அப்படியே இருந்தது.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க. ஒரு தட்டு வைக்கிறேன்" என்றாள் மதினி.

"இல்லம்மா, கோயில்ல பொங்கல் சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிருக்கு. வாசனை நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு செய், ஒரு டப்பாவுல கொஞ்சம் போட்டுக் குடு. சாயங்காலம் சாப்பிட்டுக்கிறேன்."

"டப்பாவுல போகாது ஆன்ட்டி."

கல்லில் எண்ணெய் சடசடத்தது. இந்த மாதிரி நேரங்களில் அம்மாதான் பாய்ந்து போய் டப்பாவைத் தேடுவாள், நல்ல டப்பாவாக, புது டப்பாவாக. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேஜையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை உட்கார்ந்தபடியே வெளியே இழுத்தாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். "டப்பாவுல போட்டா நமத்துப்போகும். இங்கன உக்காந்து சாப்பிட்டாத்தான் நல்லாருக்கும்."

உட்கார்ந்தபடியே சொன்னாள். ஒரு வீட்டுக்காரி விருந்தாளியிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஆன்ட்டி அந்த நாற்காலியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். உட்காருவாரோ என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. "இன்னொரு நாள் வாரேன்" என்றார். திரும்பிப் போனார். அம்மா வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. அங்கிளும் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஆறாவது துண்டைச் சாப்பிட்டார்.

மதினி இன்னும் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. துண்டு துண்டாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் மதினி என்று இந்த ஊரெல்லாம் கேட்கக் கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

அம்மா நாற்காலியில் நன்றாகப் பின்னால் நகர்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் கடித்துத் தின்றாள். தின்று முடித்துவிட்டு, காலித் தட்டை அடுப்பு இருக்கிற பக்கமாக நீட்டினாள்.

"ஏத்தா, எனக்கு இன்னும் ரெண்டு போடு. நல்லா முறுகுனதாப் பாத்துப் போடு."